டான்யூப் கப்பல் பயணத்தில் மவுட்ஹவுசன் வதைமுகாமைச் சேர்க்கலாமா?

கேள்வி இதுதான்: ஜூனில் ஜெர்மனியின் பாஸாவிலிருந்து புடாபெஸ்ட் வரை ஒரு வார டான்யூப் ரிவர் குரூஸ். கூட வருவது மனைவி, 11 வயது மகள், எழுபதைத் தாண்டிய அப்பா. கப்பல் ஆஸ்திரியாவின் லின்ஸில் நிற்கும் நாளில் சால்ஸ்பர்க் நகரம் அல்லது மவுட்ஹவுசன் நாஜி வதைமுகாம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். ஒயினும் சங்கீதமுமாகப் போகிற ஒரு பயணத்தின் நடுவே வதைமுகாமைப் பார்ப்பது இறந்தவர்களுக்கு மரியாதைக் குறைவு ஆகாதா என்று நீங்கள் கேட்கிறீர்கள். சந்தோஷமாகப் போகிற இடத்தில் சாவு நடந்த இடம் எதற்கு என்று உங்கள் அப்பா கேட்கிறார்.

போகலாம் என்பதுதான் என் பதில். ஆனால் நால்வரும் சேர்ந்து போக வேண்டியதில்லை. கப்பல்காரர்கள் போட்டுத் தருகிற நேர அட்டவணையை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம்.

மரியாதை பற்றிய தயக்கத்தை முதலில் பார்ப்போம். அந்தப் பயணத்தில் நீங்கள் ரசிக்கப்போகும் ஆறும் மலையும் ஒரு பக்கம், முகாம் இன்னொரு பக்கம் என்று மனதில் பிரித்து வைத்திருக்கிறீர்கள். அது அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை. 1938 மார்ச்சில் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டது. ஐந்தே மாதத்தில், ஆகஸ்ட் 8 அன்று, டாஹாவ் முகாமிலிருந்து முதல் கைதிகள் மவுட்ஹவுசனுக்கு வந்து சேர்ந்தார்கள். இந்த ஊரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் கருங்கல். டான்யூபை ஒட்டிய அந்த மலையில் வீனர் கிராபன் என்ற குவாரி இருந்தது. வியன்னா மாநகராட்சிக்குச் சொந்தமானது. முகாம்களை நடத்திய நாஜிகளின் எஸ்.எஸ். படை தன் சொந்த கம்பெனி ஒன்றை வைத்து அதைக் குத்தகைக்கு எடுத்தது. ஹிட்லர் சிறுவயதில் வாழ்ந்த லின்ஸைப் பெரும் நகரமாக்கிக் காட்ட வேண்டும் என்று திட்டம். அதற்கும் மற்ற நகரங்களில் எழுப்ப நினைத்த பிரம்மாண்டக் கட்டடங்களுக்கும் கல் வேண்டும், கல்லுடைக்க ஆள் வேண்டும். லின்ஸில் ஆற்றைக் கடக்கும் நிபெலுங்கன் பாலம் அந்தத் திட்டத்தில் உருவானதுதான். 1938 முதல் 1940 வரை கட்டியது, இன்றும் வண்டிகள் ஓடுகின்றன. ஆக, நீங்கள் அங்கே போகாமல் இருந்தாலும் அந்தப் பாலத்தைப் பார்த்துவிட்டுத்தான் கப்பலில் ஏறுவீர்கள்.

இன்னொன்று. உயிர் பிழைத்த கைதிகளே இந்த இடத்தை மறக்கக்கூடாது என்று போராடியவர்கள். 1945 மே 5 அன்று அமெரிக்கப் படை முகாமை விடுவித்தது. மே 16 அன்று, ஊர் திரும்புவதற்கு முன், பல நாட்டுக் கைதிகள் ஒன்றாக நின்று உறுதிமொழி எடுத்தார்கள். ஒவ்வொரு மே மாதமும் அங்கே பெரிய நினைவுக்கூட்டம் நடக்கிறது. அப்படிப்பட்ட இடத்துக்கு விடுமுறையில் வந்த ஒருவர் இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கி வருவதில் இறந்தவர்களுக்கு என்ன அவமரியாதை? பத்தரைக்கு முகாம், ஒன்றரைக்கு மதிய விருந்து, மூன்று மணிக்கு ஒயின் ருசி பார்த்தல் என்று அடுக்குகிறார்களே, எனக்கு அதுதான் உறுத்தும்.

சரி, அங்கே என்ன இருக்கிறது?

மவுட்ஹவுசனும் அதன் துணை முகாம்களும் சேர்ந்து சுமார் 1,90,000 பேரை அடைத்து வைத்தன. குறைந்தது 90,000 பேர் இறந்தார்கள். யூத இனப்படுகொலை என்றதும் ஆஷ்விட்ஸ் போன்ற ஒன்றை நினைத்துக்கொண்டு போனால் குழப்பம் வரும். இங்கே முதல் சில ஆண்டுகளில் பெரும்பாலும் அரசியல் கைதிகள், போலந்துக்காரர்கள், சோவியத் போர்க்கைதிகள், உள்நாட்டுப் போரில் சர்வாதிகாரி பிராங்கோவிடம் தோற்று பிரான்சுக்குத் தப்பி ஓடிய ஸ்பெயின் குடியரசுக்காரர்கள். ஸ்பானியர்கள் மட்டும் 7,000க்கும் மேல். 1941இல் ஆம்ஸ்டர்டாமில் பிடித்து அனுப்பப்பட்ட யூத இளைஞர்கள் கிட்டத்தட்ட ஒருவர்கூட மிஞ்சவில்லை. யூதர்கள் பெருந்திரளாக வந்தது 1944க்குப் பிறகுதான், முக்கியமாக ஹங்கேரியிலிருந்தும் போலந்திலிருந்தும். இங்கே கொல்லப்பட்ட யூதர்கள் 14,000க்கும் மேல் என்கிறார்கள்.

குவாரியிலிருந்து மேலே ஏற 186 படிகள். முதுகில் கருங்கல்லைச் சுமந்தபடி வரிசையாக ஏற வேண்டும். முன்னால் ஒருவர் சரிந்தால் பின்னால் இருப்பவர்களும் சேர்ந்து விழுவார்கள். 'மரணப் படிக்கட்டு' என்று எல்லாக் கையேட்டிலும் படம் போட்டிருப்பார்கள். பாதுகாப்புக் காரணத்தால் அதில் இறங்க விடாமல் போகலாம், அப்போது மேலிருந்து பார்க்கலாம். பக்கத்திலேயே செங்குத்தான பாறை. அதன் விளிம்பிலிருந்து கைதிகளைத் தள்ளிவிட்டுக் கொன்றார்கள். அந்தப் பாறைக்கு எஸ்.எஸ். காவலர்கள் வைத்த பெயர் 'பாராசூட் வீரர்கள் சுவர்'. கேலிக்காக வைத்த பெயர்.

என்னைக் கேட்டால், படிக்கட்டைவிட அதிகம் யோசிக்க வைப்பது முகாமுக்கு வெளியே இருக்கும் ஒரு புல்வெளி. எஸ்.எஸ். படைக்கு ஒரு கால்பந்து அணி இருந்தது. அந்த வட்டார லீக்கில் ஆடியது. உள்ளூர் ஆட்டங்கள் இந்த மைதானத்தில்தான். சுற்றுவட்டாரத்துக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மைதானத்தை ஒட்டியே 'மருத்துவ முகாம்' என்று பேர் வைத்த கொட்டகைகள். நோயில் விழுந்தவர்களை அங்கே கொண்டுபோய்ப் போடுவார்கள், சிகிச்சை கிடையாது, ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கோல் போட்டதற்குக் கைதட்டிய கூட்டத்துக்கும் அந்தக் கொட்டகைகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று நீங்களே நின்று பார்க்கலாம். பேருந்தில் வரும் குழுக்கள் இதைத் தாண்டி நேராக வாசலுக்குப் போய்விடுகின்றன.

அப்புறம் ஒரு கடிதம். குவாரிக்கு மேலே பண்ணை வைத்திருந்த ஒரு பெண்மணி 1941இல் காவல்துறைக்கு எழுதிய புகார். குவாரியில் கைதிகளைச் சுடுகிறார்கள், சரியாகச் சாகாதவர்கள் செத்தவர்களோடு மணிக்கணக்கில் கிடக்கிறார்கள், தனக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை, இந்தக் காட்சியை நரம்புகள் தாங்கவில்லை என்று எழுதுகிறார். இந்த மனிதத்தன்மையற்ற காரியத்தை நிறுத்துங்கள், இல்லையென்றால் கண்ணில் படாத இடத்தில் செய்யுங்கள் என்று முடிக்கிறார். அந்தக் காலத்தில் இப்படி எழுதுவதற்கே துணிச்சல் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கடைசி வரியை என்ன செய்வது? நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள் என்று நினைத்துவிடக்கூடாது. பிரான்சிஸ்கோ போய்ஷ் என்ற ஸ்பானியக் கைதிக்கு முகாமின் புகைப்பட அறையில் வேலை. எஸ்.எஸ். எடுத்த படங்களின் நெகட்டிவ்களை அவரும் தோழர்களும் திருடிச் சேர்த்தார்கள். அவற்றை வெளியே கொண்டுவந்து கொடுத்தபோது, அன்னா பாயின்ட்னர் என்ற ஊர்ப் பெண் தன் தோட்டச் சுவரில் ஒளித்து வைத்தார். 1946இல் நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணையில் போய்ஷ் சாட்சி சொன்னபோது அந்தப் படங்கள்தான் ஆதாரம். இதற்கு நேர்மாறாக, 1945 பிப்ரவரி 2 அதிகாலையில் சுமார் 500 சோவியத் கைதிகள் தப்பிக்க முயன்றார்கள். பெரும்பாலோர் வேலியைத் தாண்டிவிட்டார்கள். சுற்றுவட்டாரத்துப் பொதுமக்களும் சேர்ந்துகொண்டு பனியில் அவர்களை வேட்டையாடினார்கள். 'முயல் வேட்டை' என்றே அதற்குப் பெயர். பிழைத்ததாகத் தெரிந்தவர்கள் 11 பேர். அவர்களில் இருவரை லாங்டாலர் என்ற விவசாயக் குடும்பம் போர் முடியும்வரை வீட்டில் மறைத்து வைத்திருந்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு போனால், உள்ளே தகவல் பலகைகளைப் படித்துக்கொண்டே நேரத்தைக் கழிக்க வேண்டியிருக்காது. உள்ளே கீழ்த்தளத்தில் நச்சுவாயு அறையும் எரியூட்டு உலைகளும். அவற்றுக்கு அருகில் 'பெயர்களின் அறை': தெரியவந்த 81,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள், நாடு வாரியாகப் பிரிக்காமல், அவரவர் மொழியின் எழுத்தில். நேரம் குறைவென்றால், வெளியே பல நாடுகள் எழுப்பியிருக்கும் நினைவுச் சின்னங்களின் பூங்காவை விட்டுவிடுங்கள். இந்த அறையை விடாதீர்கள்.

இனி நடைமுறை.

நுழைவுக் கட்டணம் இல்லை. வழிகாட்டிக்கும் ஆடியோ கைடுக்கும் மட்டும் பணம். கப்பல் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவை எடுப்பதென்றால் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: முகாமுக்குள் சுத்தமாக எத்தனை மணி நேரம், வழிகாட்டுபவர் நினைவிடத்தைச் சேர்ந்தவரா அல்லது பேருந்தில் கூட வரும் பொது வழிகாட்டியா. உள்ளே இரண்டு மணி நேரத்துக்குக் குறைவு என்றால், லின்ஸிலிருந்து டாக்சி பிடித்து நீங்களே போவது நல்லது. சுமார் 25 கிலோமீட்டர், அரை மணி நேரம். ரயிலிலும் வரலாம், ஆனால் மவுட்ஹவுசன் ஸ்டேஷனிலிருந்து முகாம் நான்கைந்து கிலோமீட்டர், கடைசிவரை ஏற்றம். தனியாகப் போனால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது என்பதை மறக்க வேண்டாம். திரும்பும் டாக்சியையும் முன்பே பேசி வையுங்கள், மலைமேல் வண்டி தேடிக்கொண்டிருக்க முடியாது.

டாக்சியில் போவதில் இன்னொரு வசதி, வழியில், மவுட்ஹவுசனின் துணை முகாம் இருந்த குசனில் இறங்கலாம். மவுட்ஹவுசனுக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால். அங்கே சுமார் 71,000 பேர் அடைக்கப்பட்டு, பாதிப்பேருக்கு மேல் இறந்தார்கள். போருக்குப் பிறகு அந்த நிலத்தில் வீட்டுமனை போட்டு வீடுகள் கட்டிவிட்டார்கள். முகாமின் நுழைவுக் கட்டடமே தனியார் வீடானது. எரியூட்டு உலையை மட்டும் பிழைத்தவர்கள் போராடிக் காப்பாற்றி, 1965இல் அதைச் சுற்றி ஒரு நினைவகம் எழுப்பினார்கள். மிச்சமிருந்த நிலத்தில் ஒரு பகுதியை அரசு வாங்கியது 2022இல்தான். அரை மணி நேரம் போதும்.

மகளை அழைத்துப் போக வேண்டாம். 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்த இடத்தை நினைவிடமே பரிந்துரைப்பதில்லை; உங்கள் மகளுக்கு 11. "நம்ம பொண்ணு தைரியசாலி" என்று பெற்றோர் சொல்வதை நான் நிறைய கேட்டிருக்கிறேன். தைரியம் ஒரு பக்கம் இருக்கட்டும், எரியூட்டு உலையின் முன் நின்று அவள் கேட்கும் கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருக்குமா? அவளும் தாத்தாவும் லின்ஸிலேயே ஆனந்தமாக ஒரு அரை நாளைக் கழிக்கலாம். ஊர் நடுவிலிருந்து பேஸ்ட்லிங்பெர்க் மலைக்கு டிராம் ஏறுகிறது. மேலே குழந்தைகளுக்கான குகை ரயில். பாலத்தைத் தாண்டினால் ஆர்ஸ் எலக்ட்ரானிகா என்ற தொழில்நுட்ப அருங்காட்சியகம், அந்த வயதுக்குச் சரியாக இருக்கும்.

அப்பாவின் கேள்விக்கு வாதாடாதீர்கள். சாவு நடந்த இடத்துக்குப் போனால் வந்து தலைக்குக் குளிக்க வேண்டும் என்று வளர்ந்த தலைமுறை அது, அதற்கும் ஒரு நியாயம் உண்டு. என்ன இடம், என்ன நடந்தது என்று முந்தின நாளே சொல்லிவிட்டு, வருவதும் வராததும் அவர் விருப்பம் என்று விட்டுவிடுங்கள். வந்தால், உள்ளே கரடுமுரடான கல் தளம், குவாரிப் பக்கம் சரிவு, நிழல் குறைவு. முழங்கால் வலி இருந்தால் வாசலுக்கு உள்ளே இருக்கும் கட்டடங்களோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: திரும்பி வந்த அன்று மாலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். பல கப்பல்களில் அந்த இரவுதான் இசை, கேப்டன் விருந்து என்று ஏதாவது இருக்கும். அறையில் இருக்கிறோம் என்று சொன்னால் யாரும் தப்பாக நினைக்கப்போவதில்லை.

உங்கள் கப்பல் போகும் வழியிலேயே வேறு சில இடங்களும் இருக்கின்றன. எந்தச் சுற்றுலா அறிவிப்பிலும் பெரும்பாலும் இவை வராது. லின்ஸுக்குச் சற்று முன்னால், ஆற்றிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஹார்ட்ஹைம் என்ற அழகான கோட்டை. ஊனமுற்றோரையும் மனநோயாளிகளையும் 1940 முதல் அங்கே நச்சுவாயுவில் கொன்றார்கள், பிறகு முகாம் கைதிகளையும். மொத்தம் சுமார் 30,000 பேர். ஆரம்பத்தில் சாம்பலை டான்யூபில்தான் கொட்டினார்கள். மவுட்ஹவுசனைத் தாண்டி இப்ஸ்–பெர்சன்பாய்க் அணையில் கப்பலை மதகுக்குள் நிறுத்தி நீர்மட்டம் இறக்குவார்கள். எல்லோரும் மேல்தளத்தில் நின்று படம் எடுக்கும் இடம் அது. அதற்கு அருகில்தான் 1945 மே 2 நள்ளிரவில் 228 ஹங்கேரிய யூதர்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, சுட்டுக் கொன்றார்கள். மவுட்ஹவுசன் விடுதலையாக அப்போது மூன்றே நாள் பாக்கி.

அடுத்தது மெல்க். மஞ்சள் நிறத்தில் மின்னும் பெனடிக்ட் மடம், அதன் நூலகம், எந்தக் கப்பலும் தவறவிடாத நிறுத்தம். மடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள ராணுவக் குடியிருப்பில் 1944 ஏப்ரல் முதல் மவுட்ஹவுசனின் துணை முகாம் ஒன்று இயங்கியது. ஒரே ஆண்டில் சுமார் 14,400 பேர் வந்து, 4,800க்கும் மேல் இறந்தார்கள். பக்கத்து மலையில் சுரங்கம் தோண்டி பால் பேரிங் தொழிற்சாலை அமைக்கும் வேலை. அந்தக் குடியிருப்பை ஆஸ்திரிய ராணுவம் இன்றும் பயன்படுத்துகிறது; எரியூட்டும் கட்டடம் மட்டும் நினைவிடமாக நிற்கிறது. திறந்திருக்கும் நேரம் குறைவு, முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். லின்ஸில் ஏதோ காரணத்தால் மவுட்ஹவுசன் தவறிவிட்டால் (வெள்ளம் வந்தால் கப்பல் அட்டவணை தலைகீழாகும், ஜூனிலும் நடக்கும்) மெல்கில் மடத்தைச் சுருக்கிக்கொண்டு இங்கே போகலாம். அதன் பிறகு வருவது வாஹாவ் பள்ளத்தாக்கு. திராட்சைத் தோட்டம், ஆப்ரிகாட் மரங்கள், இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டைச் சிறைவைத்த டூர்ன்ஸ்டைன் கோட்டை. அதைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் ரசியுங்கள், உண்மையிலேயே அழகான இடம்.

வியன்னாவில் நேரம் இருந்தால் யூத இனப்படுகொலை நினைவுச் சின்னம் இருக்கும் யூடன்பிளாட்ஸ் சதுக்கம், இல்லாவிட்டால் பரவாயில்லை. புடாபெஸ்டுக்கு மகளையும் கூட்டிப் போகலாம். நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே ஆற்றங்கரை ஓரத்தில் இரும்பில் வார்த்த 60 ஜோடிச் செருப்புகள், 2005இல் வைத்தவை. 1944 அக்டோபரில் ஆட்சியைப் பிடித்த, ஹங்கேரியின் நாஜி ஆதரவு அம்புச்சிலுவைக் கட்சிக்காரர்கள் அந்தக் குளிர்காலத்தில் யூதர்களை இந்தக் கரையில் வரிசையாக நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, ஆற்றுக்குள் விழும்படி சுட்டார்கள். பதினோரு வயதுக்கு இதை இவ்வளவு எளிமையாகச் சொன்னால் போதும். குழந்தைச் செருப்பும் அதில் இருக்கிறது, அவளே பார்த்துவிடுவாள். செருப்புக்குள் கால் வைத்து செல்ஃபி எடுப்பவர்களும் இருப்பார்கள். அப்படிச் செய்யக்கூடாது என்று முன்பே சொல்லி வையுங்கள். கரையோரச் சாலையில் வண்டிகள் வேகமாகப் போகும், கடக்கும் இடத்தை வரைபடத்தில் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

அப்பாவுக்குக் கப்பலும் ஆறும் பிடிக்கும் என்றால் அவரிடம் சொல்ல ஒரு கதை இருக்கிறது. 1939 இறுதியில் வியன்னாவிலிருந்தும் பிராட்டிஸ்லாவாவிலிருந்தும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் பாலஸ்தீனத்துக்குத் தப்பிக்க இதே டான்யூபில் கப்பலேறினார்கள். மேலே போக வழியில்லாமல் குளிர்காலத்தில் ஆறு உறைந்து, யூகோஸ்லாவியாவின் க்ளாடோவோவில் சிக்கிக்கொண்டார்கள். சுமார் 200 பேர், பெரும்பாலும் இளைஞர்கள், கடைசி நேரத்தில் வெளியேற முடிந்தது. யூகோஸ்லாவியாவைப் பிடித்த ஜெர்மானியர்கள் மற்ற ஆண்களை 1941 அக்டோபரில் சுட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் 1942இல் பெல்கிரேட் அருகே நச்சுவாயு வண்டியில் ஏற்றினார்கள்.

கடைசியாக, சால்ஸ்பர்க். நீங்கள் மியூனிக் வழியாக வருகிறீர்கள் என்றால் கவலையே இல்லை. அங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் சால்ஸ்பர்க். பாஸாவில் கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் நால்வரும் போய் வந்துவிடுங்கள். லின்ஸிலிருந்து பேருந்தில் போனால் நாளில் பாதி சாலையிலேயே கழியும். ரயிலில் போனால் ஊரைப் பார்க்க நேரமும் கூடுதலாகக் கிடைக்கும், செலவும் குறையும்.